குனின்னு சொல்லணும், இறங்குன்னு சொல்லிட்டேன்

வீட்டுக் குழு, சனிக்கிழமை இரவு

[8:41] தம்பி: அந்த டிராகன் கேமை ஒருவழியா முடிச்சிட்டேன். மொத்தம் 34 மணி நேரம். கதை அருமை. தமிழ் டப்பிங்தான் சகிக்கல

[8:41] தம்பி: கடைசில ராணி சாகுற காட்சி. கன்ட்ரோலரைக் கீழ வெச்சிட்டு அப்படியே பாத்துட்டு இருந்தேன். அந்தம்மா செய்தி வாசிக்கிற மாதிரி ரெண்டு வரி பேசிட்டுச் செத்துட்டாங்க

[8:42] தம்பி: இவங்களுக்கெல்லாம் யாரு வாய்ப்புக் குடுக்குறா?

[8:44] பெரியக்கா: அதுக்குத்தான் நான் டப்பிங் பக்கமே போறதில்ல. எந்த கேமா இருந்தாலும் ஒரிஜினல் குரல வெச்சுக்கிட்டு சப்டைட்டில் படிச்சுப்பேன்

[8:46] நான்: ஒரிஜினல்னா எது அக்கா? எல்டன் ரிங்னு ஒரு கேம், ஜப்பான்ல செஞ்சது. 2022ல வந்தப்போ அதுல இருந்த ஒரே குரல் ஆங்கிலம். ஜப்பான்காரங்களே ஆங்கிலத்துல கேட்டுக்கிட்டு, கீழ ஜப்பானிய எழுத்தைப் படிச்சுத்தான் விளையாடுறாங்க

[8:46] பெரியக்கா: நிஜமாவாடி?

[8:48] நான்: ஆமா. விட்சர் 3 எடுத்துக்கோ. 2015ல வந்தது, போலந்துக்காரங்க செஞ்சது. அதோட ஹீரோ கெரால்ட்டுக்கு ஆங்கிலத்துல குரல் டக் காக்கிள், போலிஷ்ல யாத்செக் ரோசெனெக். ரெண்டு குரலுக்கும் "இவர்தான் கெரால்ட்"னு அடிச்சுச் சொல்ற கூட்டம் இருக்கு. எந்த மொழிங்கிறது விஷயமே இல்லன்னு நினைக்கிறேன். எப்படிப் பேச வெச்சாங்கங்கிறதுதான்

[8:53] அத்தை: டேய், அந்த ராணி பேசுறத எனக்கு அனுப்பு

[8:54] தம்பி: இருங்க அத்தை, ரெக்கார்ட் பண்ணித் தரேன்

[8:57] தம்பி: (வீடியோ 0:19)

[9:02] அத்தை: மூணு தடவ கேட்டேன். நல்ல குரல்டா. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா விழுது, ழகரம் கூட பிசகல. அந்தப் பொண்ணுக்குப் பேசத் தெரியும்

[9:02] அத்தை: ஆனா அவ கையில அந்தக் காட்சி இல்ல. வெறும் வரி மட்டும்தான் இருந்திருக்கு

[9:03] தம்பி: அதெப்படி அத்தை உங்களுக்குத் தெரியும்?

[9:03] அத்தை: நானும் அப்படிப் பேசியிருக்கேன்

[9:09] அத்தை: மூணு வருசம் முன்னாடி ஒரு மாயாஜால கேமுக்குப் பேசக் கூப்பிட்டாங்க. எந்தக் கம்பெனிங்கிறது வேணாம். உள்ள போனா கையில ஒரு எக்செல் ஷீட். ஒரு வரிசைக்கு ஒரு வசனம், பக்கத்துல ஃபைல் பேரு, எத்தனை செகண்டுக்குள்ள முடிக்கணும்னு ஒரு நம்பர். அவ்வளவுதான். சினிமா டப்பிங்னா எதிர்ல படம் ஓடும், உதட்டைப் பாத்துப் பிடிச்சுக்கலாம். இங்க படமும் இல்ல, யார்கிட்ட பேசுறேன்னும் இல்ல, எனக்கு முன்னாடி அவர் என்ன சொன்னார்னும் இல்ல

[9:12] அத்தை: அதுல ஒரு வரி, "கீழே இறங்கு". வில் வெச்சிருக்கிற ஒரு பொண்ணு சொல்றது. நான் சாதாரணமா ஒண்ணு, கண்டிப்பா ஒண்ணு, கெஞ்சி ஒண்ணுன்னு மூணு டேக் குடுத்தேன். கண்டிப்பா சொன்னத எடுத்துக்கிட்டாங்க. கேம் வந்தப்புறம் பாக்குறேன், தலைக்கு மேல டிராகன் நெருப்பக் கக்கிட்டு வருது. அவ தோழன் நிமிந்து நிக்கிறான். அவனைப் பாத்து அவ கத்தணும். ஆங்கிலத்துல "கெட் டவுன்"னு இருந்ததை யாரோ "கீழே இறங்கு"ன்னு எழுதிட்டாங்க. "குனி"ன்னு இருந்திருக்கணும்

[9:13] அத்தை: நாற்காலி மேல ஏறின பிள்ளையை இறங்கச் சொல்ற மாதிரி இருக்குடா என் குரல். அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. கமென்ட்ல எல்லாம் "யாரு இந்தம்மா, நடிக்கவே தெரியல"ன்னு. அவங்க மேல தப்பே இல்ல. ஆனா அந்த "குனி"ய எனக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா, தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்

[9:14] தம்பி: அத்தை, எனக்கு இது தெரியாது. மன்னிச்சிருங்க

[9:15] அத்தை: உன்மேல கோவமே இல்லடா. கேக்குறவன் நீ, உனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலதான்

[9:18] நான்: பெரிய கேம்லயும் இது நடந்திருக்கு அத்தை. ஒப்லிவியன், 2006. நடிகர்களுக்கு வசனத்தை அகர வரிசையில அடுக்கிக் குடுத்துப் பதிவு பண்ணாங்க. கதை வரிசை கிடையாது. ஒரு வரி அழுகை, அடுத்த வரி வியாபாரம். அதுல ஒரு பாத்திரம் பேசிக்கிட்டே இருக்கும்போது, "இருங்க, இதை இன்னொரு தடவ சொல்றேன்"ங்கிற மாதிரி நடிகை சொன்னது அப்படியே கேம்ல வந்துடுச்சு. யாரும் வெட்டல

[9:19] அத்தை: ஐயோ பாவம்

[9:24] சித்தப்பா: அக்கா சொன்ன அந்த செகண்ட் நம்பர் இருக்கே, அது என் பக்கத்து வலி. சவுண்ட் எடிட் பண்றவன் நான்தானே. வாயசைவை ஒரு மொழிக்குத்தான் செஞ்சிருப்பாங்க. மத்த மொழியெல்லாம் அந்த நேரத்துக்குள்ள அடங்கணும். விட்சர் 3 ரஷ்யக் குரல்ல இதான் நடந்துச்சு. வசனம் நீளமா போனா வேகத்தைக் கூட்டுனாங்க, சின்னதா இருந்தா இழுத்துவிட்டாங்க. நல்ல நடிகர்கள், ஆனா நடுநடுவுல டேப் ஓடுற மாதிரி கேக்கும்

[9:27] சித்தப்பா: ஃபைனல் ஃபேண்டசி 10, 2001. அந்த வரிசையிலேயே முதல் தடவையா பாத்திரங்கள் வாய் திறந்து பேசின கேம். ஜப்பானிய வாயசைவுக்கு ஆங்கிலத்தைப் பொருத்தணும். கடைசில கதாநாயகி யூனா ஜப்பானியத்துல சொல்றது "அரிகாத்தோ", நன்றி. ஆங்கிலத்துல "ஐ லவ் யூ"ன்னு மாத்தினாங்க. அந்த இடத்துல வெறும் நன்றி போட்டிருந்தா ஆங்கிலத்துல அந்த கனம் வந்திருக்காது. அது ரொம்ப நல்ல முடிவுன்னுதான் நான் நினைக்கிறேன். வார்த்தையை விட்டுட்டு மனசைப் பிடிச்சாங்க

[9:28] பெரியக்கா: எனக்கு அது பிடிக்கல சித்தப்பா. நன்றிங்கிறதுலயே அவ காதல் இருக்கு. அதைப் பட்டுன்னு உடைச்சுட்டாங்க

[9:29] சித்தப்பா: நீ சொல்றதும் சரிதாம்மா. இதை இன்னிக்கும் பேசிட்டுதான் இருக்காங்க

[9:31] அத்தை: தமிழ்ல இந்த நேரக் கணக்கு இன்னும் கொடுமை. "ஐ நோ"ங்கிறது ரெண்டே அசை. என் ஷீட்ல "எனக்குத் தெரியும்"னு இருக்கும், ஆறு அசை. படிச்சா மூச்சு முட்டும். நான் "தெரியும்"னு வெட்டிக்குவேன். அதுக்கும் எழுதினவர்கிட்ட அனுமதி கேக்கணும், அவர் அங்க இருக்கவே மாட்டார்

[9:36] தாத்தா: இப்பதான் எல்லாம் படிச்சேன். கம்ப்யூட்டர் விளையாட்டுல பேசுறதுக்கு ஆள் வெச்சா பேசுறாங்க? கம்ப்யூட்டரே பேசிக்கும்னு நினைச்சிட்டு இருந்தேன்

[9:38] நான்: ஆளுங்கதான் தாத்தா. ஸ்கைரிம்னு ஒண்ணு, 2011ல வந்தது. அதுல மட்டும் 60,000 வரிக்கு மேல பேசியிருக்காங்க, 70 பேருக்கு மேல. 2023ல பால்டர்ஸ் கேட் 3ல ஆஸ்டேரியன்கிற பாத்திரத்துக்காக நீல் நியூபன்ங்கிறவருக்கு அந்த வருசத்தோட சிறந்த நடிப்புக்கான கேம் விருதே கிடைச்சுது. அசைவைப் பதிவு பண்ற உடையைப் போட்டுக்கிட்டு உடம்பாலயும் நடிச்சார். எழுத்து பல மொழியில இருக்கு, குரல் ஆங்கிலம் மட்டும்தான்

[9:40] தாத்தா: ரேடியோ நாடகத்துல ஒரே மைக்கைச் சுத்தி நாலு பேர் நிப்பாங்க. ஒருத்தர் மூச்சு இன்னொருத்தருக்குக் கேக்கும். அதனாலதான் கண்ணை மூடிக் கேட்டாலும் அந்த வீடு தெரிஞ்சுது. நீ தனியாவாம்மா பேசுற?

[9:40] அத்தை: தனியாத்தாம்பா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் நான்

[9:42] பெரியக்கா: இப்ப ஏஐ வெச்சே குரல் செஞ்சிடலாம்னு சொல்றாங்களே அத்தை

[9:44] நான்: அதுக்காகத்தான் அமெரிக்காவுல கேம் குரல் நடிகர்கள் 2024 ஜூலை 26லேர்ந்து வேலைநிறுத்தம் பண்ணாங்க. அவங்க குரலை அவங்களைக் கேக்காம நகலெடுக்கக் கூடாதுன்னு. 2025லதான் ஒப்பந்தம் ஆச்சு. அந்த நாள்ல ஜென்ஷின் இம்பாக்ட்ங்கிற கேமை ஆங்கிலத்துல வெச்சு விளையாடினா சில பாத்திரங்களுக்கு வாய் அசையும், சத்தம் இருக்காது. எழுத்து மட்டும் ஓடும். அப்பதான் எனக்கு உறைச்சுது, குரல் போனா அந்த ஆளே அங்க இல்லன்னு

[9:47] தம்பி: இன்னொண்ணு கேக்கணும் அத்தை. இதே கேம்ல திருடன் ஒரு இடத்துல ராணியை "தாங்கள்"ங்கிறான், அடுத்த மிஷன்ல "நீ"ங்கிறான். அதுவும் ஷீட் பிரச்சனையா?

[9:52] அத்தை: அதேதான்! ஆங்கிலத்துல எல்லாருக்கும் ஒரே "யூ". நமக்கு நீ, நீங்க, நீர், தாங்கள். யாரு யாருகிட்ட பேசுறாங்கன்னு தெரியாம தமிழ்ல ஒரு வரி கூட எழுத முடியாது. ரெண்டு பேர் பிரிச்சு எழுதியிருப்பாங்க, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பாத்திருக்க மாட்டார். விளையாடுறவங்க பையனா பொண்ணான்னும் தெரியாது. "வந்துட்டான்"னு பேசினா பாதிப் பேருக்குத் தப்பு. மரியாதையா பேசுறவன்னா "வந்துட்டார்"னு தப்பிக்கலாம். எதிரி எப்படி மரியாதை குடுப்பான்? அங்க நான் "வந்தாச்சு"ன்னு வெச்சேன். "பாருங்கடா, வந்தாச்சு." ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, பயமும் வருது. அந்த ஒரு வரி மட்டும் இன்னிக்கும் எனக்கு சந்தோசம்

[9:53] பெரியக்கா: செம அத்தை!

[9:55] பெரியக்கா: ஆனா டிராகன் பேச்சுத்தமிழ்ல பேசினா எனக்கு ஒட்டவே ஒட்டாது. ராஜா ராணி கதைன்னா எழுத்துத்தமிழ்தான்

[9:55] தம்பி: 34 மணி நேரமும் எழுத்துத்தமிழ்ல கேட்டுப் பாருங்க, தெரியும்

[9:58] அத்தை: டிராகன் எழுத்துத்தமிழ் பேசட்டும், ஆயிரம் வருசமா மலையில தூங்கினது. சத்திரக்காரி பேச்சுத்தமிழ் பேசட்டும். ரெண்டும் இருக்கலாம். ஒரே ஆள் ஒரே வரியில ரெண்டும் பேசக் கூடாது. "நீ ஏன் வந்தாய், போயிடு"ன்னா யாரு நம்புவா?

[10:00] நான்: ஃபைனல் ஃபேண்டசி 12 ஆங்கிலத்துல அப்படித்தான் செஞ்சாங்க. பேரரசுக்காரங்களுக்குப் பிரிட்டிஷ் பேச்சு, அவங்க பிடிச்ச நாட்டு மக்களுக்கு அமெரிக்கப் பேச்சு. வாயைத் திறந்ததுமே எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும்

[10:04] அத்தை: சரி, அந்த ராணிக்கு வருவோம். மனசு அங்கேயே நிக்குது. அந்த வரி "கதவைத் திறக்காதே. நான் அழைத்தாலும் திறக்காதே." இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு சொல்லு

[10:06] தம்பி: கோட்டைக்குள்ள எதிரி வந்துடுறாங்க. ராணி மகளை உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கிறாங்க. விலாவுல அம்பு தைச்சிருக்கு. கதவுல முதுகைச் சாச்சு உக்காந்துட்டுத்தான் இதைச் சொல்றாங்க

[10:07] அத்தை: கதவு எப்படி?

[10:07] தம்பி: பெரிய மரக்கதவு. இரும்புப் பட்டை போட்டது

[10:10] அத்தை: பாத்தியா. மகள் அந்தப் பக்கம், நடுவுல அவ்ளோ தடிமனா மரம். மெதுவா சொன்னா கேக்காது. கத்தணும். ஆனா விலாவுல அம்பு, கத்த மூச்சு இல்ல. குரல் குடுத்த பொண்ணு காதோரமா சொல்ற மாதிரி சொல்லியிருக்கா, ஏன்னா கதவு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது

[10:11] சித்தப்பா: எத்தனை செகண்ட்ல முடிக்கணும்?

[10:12] தம்பி: இருங்க பாக்குறேன்... வாய் அசையுறது 6 செகண்ட்

[10:19] அத்தை: (குரல் செய்தி 0:06)

[10:20] பெரியக்கா: அத்தை...

[10:20] தம்பி: எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு

[10:21] சித்தப்பா: "அழைத்தாலும்"ல மூச்சை உடைச்சியே அக்கா, அது போதும். நான் கைவைக்க ஒண்ணுமில்ல

[10:23] தம்பி: கேம் செஞ்சவங்களுக்கு எழுதப் போறேன். நடிகை மோசம்னு எழுத மாட்டேன். கதவு, அம்பு, இந்த 6 செகண்ட், எல்லாத்தையும் எழுதுறேன். திருடன் பேசுற ரெண்டு மிஷன் பேரும் குறிச்சு அனுப்புறேன்

[10:24] அத்தை: செய்டா. அந்தப் பொண்ணு குரல் நல்ல குரல்னு முதல் வரியிலேயே எழுது

[10:29] தாத்தா: கேட்டேம்மா. நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொண்ணுக்கு வயசு என்ன?

[10:30] அத்தை: அதை நான் கேக்கவே இல்லப்பா. பெரிய பொண்ணுன்னு நினைச்சுட்டேன்

[10:31] தம்பி: ஆறு வயசு தாத்தா

[10:31] அத்தை: இருங்க

[10:40] அத்தை: (குரல் செய்தி 0:06)