அல்கோ டிரேடிங் (கோட் தானாகவே வாங்கி விற்பது): எதற்காகச் செய்கிறோம் என்று எப்படித் தெளிவாவது?

நொய்யல்வாசி:
வணக்கம். கோவையில் டெஸ்டிங் வேலை, பைத்தான் ஓரளவு வரும். காலை 9.20-க்கு நிஃப்டி பங்குக் குறியீட்டில் கால், புட் (குறியீடு ஏறினால், இறங்கினால் பலன் தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) இரண்டையும் விற்று, தலா 25 சதவீதம் ஸ்டாப்லாஸ் (நஷ்டம் அந்த அளவைத் தொட்டால் வெளியேறும் ஏற்பாடு) போட்டு, 3.15-க்கு முடித்துக்கொள்ளும் கோட் ஒன்று எழுதியிருக்கிறேன். பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது) நன்றாகவே வருகிறது. கையில் 5 லட்சம். மாதம் 30 ஆயிரம் வந்தால் போதும், பேராசை எல்லாம் இல்லை. ஆனால் நண்பன் ஒருவன் "எதுக்குடா இதைப் பண்றே?" என்று கேட்டதும் பதில் வரவில்லை. வேலையை விடவா, கூடுதல் வருமானத்துக்கா, கோட் எழுதப் பிடித்திருப்பதாலா? நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, பேராசை இல்லை என்று சொல்லிவிட்டு மாதம் 6 சதவீதம் கேட்கிறீர்கள். எடுக்காமல் விட்டால் ஒரே வருடத்தில் பணம் இரட்டிப்பாகிற வேகம் அது. அந்த 30 ஆயிரம் எங்கிருந்து வந்த எண் என்று முதலில் யோசியுங்கள். வீட்டுக் கடன் தவணையா? உங்கள் தவணைத் தேதி சந்தைக்குத் தெரியாது.

2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர், ஆப்ஷன் ஒப்பந்த வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவு உட்பட தலைக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம். 2023-24-ல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பார்த்த லாபத்தில் 97 சதவீதம் அல்கோ வழியே வந்தது என்கிறது அதே ஆய்வு. எதிரே நிற்பவரும் அல்கோதான். அவர் சர்வர் எக்ஸ்சேஞ்சின் இடத்திலேயே உட்கார்ந்து உங்களை முந்தலாம். கோட் இருப்பதே பலம் என்று நினைக்க வேண்டாம்.

நான் கோட் எழுதியது ஆபீஸ் நேரத்தில் வாங்கி விற்கும் திரைப் பக்கம் கை போகாமல் இருக்க. மாதக் கடைசியில் ஒருமுறை ஓடும், நிஃப்டி இடிஎஃப் (பங்கு போல வாங்கி விற்கும் ஃபண்ட்), தங்க இடிஎஃப், லிக்விட் ஃபண்ட் (குறுகிய காலக் கடன் பத்திர ஃபண்ட்) மூன்றுக்குள் மாற்றும், அவ்வளவுதான். நோட்டில் எழுதி வைத்திருப்பது இது:

பணம் எதற்கு: பெண்ணின் கல்லூரிக்கு, 2031.
எவ்வளவு இறங்கினால் நிறுத்துவது: 15 சதவீதம்.
வாரத்துக்கு எத்தனை மணி: இரண்டு.
எதை ஜெயிக்கணும்: சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டை (குறியீட்டை அப்படியே பின்பற்றுவது), வரி போக.

கடைசி வரியை எழுதத்தான் ரொம்ப நாள் பிடித்தது. அதில் தோற்றால் கோட்-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு எஸ்ஐபி-க்கு (மாதாமாதம் ஃபண்டில் போடுவது) போய்விடுவேன்.

மலைக்கோட்டை அக்கா:
கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஆனால் "கற்றுக்கொள்ளத்தான்" என்பதும் ஒரு நல்ல காரணமே. அப்படியானால் 5 லட்சம் எதற்கு? பேப்பர் டிரேடிலேயே (பணம் போடாமல் கணக்கில் மட்டும் வாங்கி விற்பது) பாதி பாடம் வந்துவிடும்.

ஒன்று செய்யுங்கள் தம்பி. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துப் பாருங்கள். உங்கள் கோட் ஸ்டாப்லாஸ் விலையிலேயே வெளியே வந்ததாகக் கணக்குப் போடுகிறதா, அதற்கடுத்துக் கிடைத்த விலையிலா? முக்கால்வாசி பேக்டெஸ்ட் அங்கேதான் அழகாகத் தெரிகிறது. அப்புறம், எஃப் அண்ட் ஓ வருமானம் வணிக வருமானம். சம்பளக்காரராக இருந்தாலும் ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவம் போடணும். ஆடிட்டர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்வாசி:
30 ஆயிரம் வீட்டுத் தவணையேதான் அண்ணா, எப்படிப் பிடித்தீர்களோ! அக்கா, ஜூன் 4-ஐ அடுத்த நிமிட விலையில் ஓட்டினேன்; நஷ்டம் இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. தவணையைச் சம்பளத்திலேயே கட்டிக்கொள்கிறேன். இப்போதைக்குக் கற்றுக்கொள்ள மட்டும், பேப்பரில். ஒரு சந்தேகம்: அந்த 15 சதவீதத்தைப் போட்ட முதலிலிருந்து அளப்பதா, உச்சத்திலிருந்தா?

கணக்குப்பிள்ளை:
உச்சத்திலிருந்து. முதலிலிருந்து அளந்தால், லாபமாக வந்தது முழுக்கக் கரைந்த பிறகுதான் மணி அடிக்கும்.