கடலோரப் பனிப்புயல் எச்சரிக்கை: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சி நகரில், கடலை ஒட்டிய தாழ்வான தெருவில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரும் உடன் இருக்கிறார்கள். நாளை இரவுக்குப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள். மணிக்கு சுமார் 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றும், கால் மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிப்பொழிவும் குறைந்தது 3 மணி நேரம் நீடிக்கும் என்று கணிக்கும்போதுதான் இந்த எச்சரிக்கை வரும் என்பதால், இதை இலேசாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பனியைவிட எனக்குக் கவலை தருவது கடல்தான். வடகிழக்குக் காற்று கடல்நீரைக் கரைக்குத் தள்ளும் நேரமும் ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) உச்சத்தை எட்டும் நேரமும் ஒன்றானால் என்ன ஆகும் என்பதை 1978 பிப்ரவரிப் புயலில் இந்தக் கரை கண்டிருக்கிறது. தெருவில் நீர் ஏறிய பிறகு, பனி மூடிய இருட்டில், முதியவர்களை அழைத்துக்கொண்டு வெளியேறுவது மிகவும் ஆபத்தானது. ஆகவே, கடலிலிருந்து விலகிய பகுதியில் வசிப்பவர்கள் யாரேனும் நாளை மதியம் முதல் இரண்டு இரவுகளுக்கு என் பெற்றோருக்குத் தங்க இடம் தர முடியுமா? அப்பாவின் இன்சுலினை வைக்கக் குளிர்சாதனப் பெட்டியில் சிறிது இடமும் வேண்டும்.

இன்னொரு கேள்வி. எங்கள் வீட்டுச் சூடேற்றியின் புகைக்குழாய் வெளிச்சுவரில் தரைக்குச் சற்று மேலே இருக்கிறது. பனி அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வீட்டுக்குள் தங்கிவிடும். இத்தகைய குழாயைப் புயலின் நடுவே அடைபடாமல் காத்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இரவல் தரக்கூடியவர்கள் இன்றே தெரிவித்தால், நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.