மறு: மறு: 'நட்ஜ்' – இன்றிரவுக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
மாணவருக்கேற்பப் பாடத்தை மாற்றித் தரும் தகவமைக் கற்றல் மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறேன். எல்லாம் முடிந்தது, 'நட்ஜ்' (nudge) என்ற ஆங்கிலச் சொல் மட்டும் நிற்கிறது. மாணவர் மூன்று நாள் எட்டிப்பார்க்காவிட்டால் "பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது, தொடரலாமா?" என்று கேட்பது நட்ஜ். வாயே திறக்காமல் அடுத்த பயிற்சியைத் தயாராக எடுத்து வைப்பதும் நட்ஜ்தான். ஆகவே 'நினைவூட்டல்' பாதிக்குத்தான் பொருந்தும்.

*

'தூண்டல்' இருக்க வேறு எதற்கு? தூண்டுகோல் திரியைச் சற்றே நகர்த்துகிறது, எரிவதென்னவோ விளக்குதான். "தூண்டு சுடரனைய சோதி" என்று அப்பரே பாடியிருக்கிறார்.

*

ஐயா, தூண்டிலும் அதே வேர்தான்! குற்றத்துக்குத் தூண்டுவதும் உண்டு. போதாததற்கு, உயிரியல் பாடத்தில் தூண்டல் வந்தால் பின்னாலேயே துலங்கல் வந்தாக வேண்டும். 2008இல் பொருளியலாளர் தேலரும் சட்ட அறிஞர் சன்ஸ்டைனும் தம் நூலில் சொன்ன நட்ஜ் அப்படியல்ல: எந்த வழியையும் அடைக்கக் கூடாது, வேண்டாமென்று ஒதுக்குவது எளிதாக இருக்க வேண்டும். புள்ளி கொடுத்து இழுப்பதை நான் இதில் சேர்க்கவே மாட்டேன். 'உந்தல்' என்றால் இயற்பியல்காரர்கள் உந்தத்தோடு வருவார்கள். 'மென்தூண்டல்' என்றால் அரை மனதோடு சரி.

*

மென்றூண்டல் என்று எழுதுங்கள். னகரத்தை அடுத்த தகரம் றகரமாகும். மென்றொடர்க் குற்றியலுகரம் என்றுதானே படித்தோம்?

*

மென்றூண்டலைப் பிள்ளைகள் மென்று துப்பிவிடுவார்கள். முழங்கையால் விலாவில் இடிப்பதுதான் நட்ஜின் நேர்ப்பொருள். "மேற்சென்று இடித்தற் பொருட்டு" என்ற குறளிலிருந்து 'இடிப்பு' என்று எடுக்கலாமே?

*

குறளின் இடி, நண்பன் வரம்பு மீறும்போது கண்டிக்கும் இடி. மூன்று நாள் வராத பிள்ளையை மென்பொருளும் கண்டிக்கவா? என் வாக்கு 'கோடிகாட்டல்'.

*

கோடிகாட்டல் அழகுதான், அம்மா. ஆனால் கணக்குப் பாடத்தில் 'கோடி' என்று கண்டால் பிள்ளை ஏழு சுழியைத் தேடும். மணி பதினொன்று. 'மென்தூண்டல்' என்றே ஏற்றிவிட்டேன். ஆசிரியரின் அமைப்புப் பக்கத்தில் மட்டும்தான் இச்சொல் வரும். மாணவர் திரையில் "தொடரலாமா?", அதற்குக் கீழே அதே அளவில் "இப்போது வேண்டாம்".

*

மென்றூண்டல். என் மறுப்பு பதிவாகட்டும்.