சிஎஸ்எஸ் தெரியும், ஆனால் பக்கம் அழகாக வர மாட்டேன் என்கிறது. அடுத்து எதைக் கற்பது?

தேனிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக இணையப் பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ் என்று எழுதுகிறேன். நடுவில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் மூன்று மாதம் போனேன். பூட்ஸ்ட்ராப் என்கிற ரெடிமேட் சிஎஸ்எஸ் தொகுப்பின் கிளாஸ் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்து, சர்டிஃபிகேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சிறுகதையும் கட்டுரையும் போடுகிற ஒரு சின்ன இணைய இதழ் ஆரம்பிக்கிறோம். கதை அவர்கள் பாடு, டிசைன் என் பாடு.

முகப்பில் கதைகளை அட்டை அட்டையாக வைத்திருக்கிறேன். படம், தலைப்பு, நாலு வரிச் சுருக்கம், ஆசிரியர் பெயரும் தேதியும். லேப்டாப்பில் சுமார், போனில் கண்றாவி. ஒரு தலைப்பு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, பக்கத்து அட்டையில் மூன்று வரி போகிறது, அதனால் தேதியெல்லாம் ஒன்று மேலே ஒன்று கீழே என்று பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. கிரேடியண்ட், ஷேடோ, ஹோவர் செய்தால் துள்ளுகிற அனிமேஷன் என்று யூடியூபில் பார்த்ததையெல்லாம் போட்டேன். நண்பன் பார்த்துவிட்டு "என்னடா, கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது சரிதான், அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஸ்டைல்ஷீட் 1,900 வரி வந்துவிட்டது. அதில் 64 இடத்தில் இம்பார்ட்டன்ட், அதாவது மற்ற விதிகளை மீறி இதையே எடுத்துக்கொள் என்கிற குறி. அட்வான்ஸ்டு சிஎஸ்எஸ் என்று எதை எந்த வரிசையில் படிக்க வேண்டும்? கோர்ஸுக்கு மறுபடி பணம் கட்டுகிற நிலைமை இல்லை.

சும்மா_பார்ப்பவன்

டெயில்விண்ட் மாதிரி ரெடிமேட் கிளாஸ் தொகுப்பைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்க சகோ. யாரும் இப்போது கையால் சிஎஸ்எஸ் எழுதுவதில்லை.

பழைய_டேபிள்

தம்பி, மேலே சொன்னதைக் கேட்டு இப்போதே அங்கே ஓடாதீர்கள். டெயில்விண்ட் நல்ல கருவிதான், நானும் ஆபீஸில் பயன்படுத்துகிறேன். ஆனால் அதிலும் பக்கத்தை வரிசை, நெடுவரிசையாகப் பிரிக்கிற கிரிட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் கிரிட் வரும். பூட்ஸ்ட்ராப் கிளாஸை மனப்பாடம் செய்த கதையே இன்னொரு பெயரில் நடக்கும்.

அழகை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த 64. ஒரு இம்பார்ட்டன்ட் என்பது, ஏன் இந்த நிறம் ஏறவில்லை என்று புரியாமல் கோபத்தில் போட்ட ஒரு அடி. அடுத்த அடி அதைவிடப் பலமாக இருக்க வேண்டும், அப்படியே வளரும். எந்த விதி எதை ஜெயிக்கும் என்கிற ஸ்பெசிஃபிசிட்டி கணக்கை ஒரு தடவை உட்கார்ந்து படித்தால் இந்தச் சண்டை நிற்கும். ஐடி ஒரு பத்தி, கிளாஸ் ஒரு பத்தி, வெறும் டேக் ஒரு பத்தி என்று மூன்று பத்தியாக எண்ணிக்கொள்ளுங்கள். இடப்பக்கப் பத்தியில் யார் பெரியவரோ அவர் ஜெயிப்பார். பத்து கிளாஸ் சேர்ந்தாலும் ஒரு ஐடியைத் தோற்கடிக்க முடியாது. நான் முதல் வேலையில் மெனுவுக்கு ஐடி வைத்து ஸ்டைல் எழுதிவிட்டு, அதற்குள் ஒரே ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற ஒரு மதியம் முழுக்கப் போராடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: ஸ்டைலுக்கு ஐடியைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் காஸ்கேட் லேயர், விதிகளை அடுக்கடுக்காகப் பிரித்து எந்த அடுக்கு ஜெயிக்கும் என்று சொல்கிற வசதி. 2022ல் எல்லா முக்கியமான பிரவுசருக்கும் வந்துவிட்டது. பூட்ஸ்ட்ராப்பை விட முடியவில்லை என்றால் அதை இம்போர்ட் செய்யும்போதே ஒரு லேயருக்குள் அடைத்துவிடுங்கள். லேயருக்கு வெளியே நீங்கள் எழுதுவது, செலக்டர் (எதற்கு இந்த ஸ்டைல் என்று சொல்கிற பகுதி) எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உள்ளே இருப்பதை ஜெயித்துவிடும். உங்கள் 64ல் முக்கால்வாசி பூட்ஸ்ட்ராப்போடு போட்ட சண்டையாகத்தான் இருக்கும், அத்தனையும் உதிர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இம்பார்ட்டன்ட் போட்டால் லேயர் வரிசை தலைகீழாகத் திரும்பும். பூட்ஸ்ட்ராப்பே தன் சில கிளாஸ்களில் அதைப் போட்டு வைத்திருக்கிறது, அங்கே மட்டும் கையை விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். 2003ல் டேவ் ஷே என்பவர் சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்று ஒரு தளம் ஆரம்பித்தார். ஹெச்டிஎம்எல் ஒன்றே ஒன்றுதான், அதில் கை வைக்கக் கூடாது, ஸ்டைல்ஷீட்டை மட்டும் மாற்றி யார் வேண்டுமானாலும் வேறு வேறு தோற்றம் கொடுக்கலாம். டேபிள் வைத்துப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அதைப் பார்த்துத்தான் கண் திறந்தது (என் பெயர்க் காரணம் இப்போது புரியும்). உங்கள் முகப்பின் ஹெச்டிஎம்எல்லை அப்படியே உறைய வைத்துவிட்டு, மூன்று ஸ்டைல்ஷீட் எழுதிப் பாருங்கள். ஒன்று செய்தித்தாள் மாதிரி, ஒன்று கவிதைப் புத்தகம் மாதிரி, மூன்றாவது உங்கள் இஷ்டம். இரண்டாவதை எழுதும்போதே கிளாஸ் பெயர்களை எவ்வளவு தப்பாக வைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

நைட்_ஷிஃப்ட்

டேபிள் அண்ணன் அஸ்திவாரம் போட்டுவிட்டார், நான் அட்டைக்கு வருகிறேன்.

தேதி ஏறி இறங்குவதற்கு மருந்து சப்கிரிட், அதாவது உள்ளே இருக்கிற கிரிட் வெளி கிரிட்டின் வரிசைகளையே எடுத்துக்கொள்வது. ஃபயர்ஃபாக்ஸில் 2019லேயே வந்துவிட்டது, குரோமில் 2023ல்தான் வந்தது, அதனால்தான் பழைய வீடியோக்களில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. வெளியே இருக்கிற டப்பா கிரிட். ஒவ்வொரு அட்டையும் அதில் நான்கு வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதாவது கிரிட்-ரோவில் ஸ்பான் 4. அட்டைக்கும் டிஸ்ப்ளே கிரிட் கொடுங்கள், ஆனால் கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸில் அளவு எதுவும் எழுதாமல் சப்கிரிட் என்று மட்டும் எழுதுங்கள். இனி பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற அட்டைகளில் எந்தத் தலைப்பு நீளமோ அந்த உயரம் மற்றவற்றுக்கும் வந்துவிடும், தேதி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். வெளி டப்பாவின் கேப் அட்டைக்குள்ளும் வரும், அது அதிகமாகத் தெரிந்தால் அட்டையில் ரோ-கேப்பைத் தனியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படம் இல்லாத கதை வந்தால்? எல்லாக் கதைக்கும் படம் கிடைக்காது, கிடைக்காததற்கு ஏதோ ஒரு சூரிய அஸ்தமனத்தை ஒட்டாதீர்கள். ஹேஸ் செலக்டர் இருக்கிறது. "உள்ளே படம் இல்லாத அட்டை" என்று நேராகவே சிஎஸ்எஸ்ஸில் சொல்லலாம். அந்த அட்டையில் தலைப்பை இரண்டு வரிசை எடுத்துக்கொள்ளச் சொல்லி, எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணிக்கு அழுத்தமான ஒரு நிறம் கொடுங்கள். படம் இருக்க வேண்டிய இடத்தைத் தலைப்பே நிரப்பும். என் கணக்கில் உங்கள் முகப்பில் அதுதான் மிக அழகான அட்டையாக இருக்கும்.

அடுத்து கன்டெய்னர் குவெரி, வெளிப் பெட்டியின் அளவைப் பார்த்து ஸ்டைலை மாற்றுவது. இதே அட்டையை நாளைக்குச் சைடுபாரிலும் வைக்கப் போகிறீர்கள். மீடியா குவெரிக்குத் திரையின் அகலம் மட்டும்தான் தெரியும், அட்டை குறுகலான சந்தில் மாட்டிக்கொண்டிருப்பது தெரியாது. அட்டையின் தாய்க்கு கன்டெய்னர்-டைப் இன்லைன்-சைஸ் கொடுத்தால், தாய் 30 ரெம்முக்கு (ஒரு ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்து அளவு, வழக்கமாக 16 பிக்சல்) மேல் இருந்தால் படம் இடது பக்கம், இல்லையென்றால் மேலே என்று எழுதலாம். எல்லோரும் முதல் நாள் விழுகிற குழி ஒன்று உண்டு: கன்டெய்னர் என்று அறிவித்த பெட்டி தன் அளவைப் பார்த்துத் தன்னையே மாற்றிக்கொள்ள முடியாது, அதற்கு உள்ளே இருப்பவர்களைத்தான் மாற்ற முடியும். வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் வெளியே ஒரு டிவ் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீரியல் லைட் பற்றி: துள்ளலை எடுத்துவிடுங்கள். கன்னங்கரேல் என்று ஒரே ஒரு ஷேடோ போடாமல், பின்னணி நிறத்திலேயே கொஞ்சம் அடர்த்தியாக, மெல்லிசாக இரண்டு மூன்று ஷேடோவை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். அனிமேஷன் வேண்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மும் ஒபாசிட்டியும் மட்டும், அகலத்தையும் மார்ஜினையும் அசைத்தால் பிரவுசர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பக்கத்தை மறுபடி அளந்துகொண்டிருக்கும், விலை குறைந்த போனில் திக்கும். தேதியை வெளிர் சாம்பலில் வைத்திருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடுதான் 4.5க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் எல்லையைத் தாண்டுகிற கடைசிச் சாம்பல். அதைவிட வெளிறினால் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்குத் தெரியாது.

எழுத்துருப்_பைத்தியம்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆறு வருடம் டிடிபி (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்துவிட்டு வெப் பக்கம் வந்தவள் நான். மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இது தமிழ் இதழ் என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். கதை படிக்க வருகிறவர் பார்க்கப்போவது எழுத்தைத்தான், ஷேடோவை அல்ல.

ஆங்கில டிசைனில் தலைப்புக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1.1 வைப்பார்கள், பார்க்கக் கச்சிதமாக இருக்கும். அதைத் தமிழில் வைத்து இரண்டு வரித் தலைப்பு ஒன்றைப் பாருங்கள். மேல் வரியில் ஒரு 'ழ', அதன் வால் கீழே இறங்கும். கீழ் வரியில் ஒரு 'வீ', அதன் சுழி மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் தலைப்புக்கு 1.35லிருந்து 1.4, கதைக்கு 1.75 வைக்கிறேன். ஃபான்டைப் பொறுத்து மாறும், கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். சோதிக்க "கீழ்வானில் மூழ்கிய வீடு" மாதிரி ஏறி இறங்குகிற எழுத்தாகப் பொறுக்கிப் போட்டுப் பாருங்கள், "அம்மா" என்று போட்டுச் சோதித்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

வரியின் நீளத்துக்கு 65 சிஎச் வையுங்கள் என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள். அந்த சிஎச் என்பது பூஜ்ஜியம் என்ற எண்ணின் அகலம். நம் 'ணை', 'ஞௌ' எல்லாம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதனால் 65 என்ற எண்ணுக்குத் தமிழில் அர்த்தமே இல்லை. வரிக்கு எட்டு, ஒன்பது சொல் வருகிற மாதிரி ரெம்மில் அளவு வைத்துவிடுங்கள். நீளச் சொற்கள் போனில் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே போகும், நீளச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்புகிற ஓவர்ஃப்ளோ-ராப் கட்டாயம்.

சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் ஃபான்டில் சாய்ந்த வடிவமே கிடையாது, பிரவுசர் நேரெழுத்தைத் தள்ளிவிட்டுச் சாய்க்கிறது, காற்றில் சாய்ந்த வாழை மாதிரி இருக்கும். அழுத்தம் வேண்டிய இடத்தில் நிறத்தையோ தடிமனையோ மாற்றுங்கள். தலைப்புகளில் லெட்டர்-ஸ்பேசிங்கும் வேண்டாம், சொல் எழுத்தெழுத்தாக உதிர்ந்துவிடும். ஃபான்ட் இலவசமாகவே கிடைக்கிறது: கதைக்கு முக்த மலர், தலைப்புக்கு கேட்டமரன் அல்லது அரிமா என்று சேர்த்துப் பாருங்கள். மூன்று தடிமனுக்கு மேல் ஏற்றாதீர்கள், பக்கம் கனத்துவிடும்.

தேனிக்காரன்

ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், ஓடிப்போகவில்லை.

அண்ணா, இம்பார்ட்டன்ட் 64லிருந்து 5 ஆகிவிட்டது, ஸ்டைல்ஷீட் 700 வரிக்குக் கீழே. சப்கிரிட் போட்டதும் தேதி நேராக நின்றதைப் பார்த்து ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகச் சிரித்தேன். அக்கா சொன்ன "கீழ்வானில் மூழ்கிய வீடு" இப்போது எங்கள் இதழில் நிஜமாகவே ஒரு கதைத் தலைப்பு, நண்பனுக்குப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டான், மன்னிக்கவும்.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ஸ்க்ரோல் செய்தாலும் மேலேயே ஒட்டி நிற்க மெனுவுக்குப் பொசிஷன் ஸ்டிக்கி வைத்திருந்தேன், முன்பு வேலை செய்தது, இப்போது ஸ்க்ரோல் செய்தால் அதுவும் போய்விடுகிறது. எது எதற்கு மேலே தெரிய வேண்டும் என்று சொல்கிற இசட்-இண்டெக்ஸ் 9999 வைத்தும் பார்த்துவிட்டேன்.

நைட்_ஷிஃப்ட்

இசட்-இண்டெக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மெனுவுக்கு வெளியே இருக்கிற ஏதாவது ஒரு பெட்டியில் ஓவர்ஃப்ளோ ஹிடன் (வெளியே வழிவதை மறைப்பது) போட்டீர்களா?

தேனிக்காரன்

ஆமாம், பக்கத்தையே சுற்றியிருக்கிற பெரிய டிவ்வில் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன். போனில் பக்கம் இடது வலமாக ஆடியது, அதை நிறுத்தத்தான். போன் அகலம் 360 பிக்சல். அட்டைக்கு மின்மேக்ஸில் (குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைச் சொல்வது) குறைந்தபட்சம் 22 ரெம் வைத்திருக்கிறேன்.

நைட்_ஷிஃப்ட்

கண்டுபிடித்தாயிற்று. 22 ரெம் என்றால் 352 பிக்சல், அதோடு இரண்டு பக்கமும் ஒரு ரெம் பேடிங், ஆக 384. 360ல் அது எப்படி அடங்கும்? அதனால் பக்கம் ஆடியது, நீங்கள் மூடி போட்டீர்கள், அந்த மூடி ஸ்டிக்கியைக் கொன்றுவிட்டது. ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்ட பெட்டி தானே ஒரு ஸ்க்ரோல் பெட்டி ஆகிவிடும், மெனு அதற்குள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், அந்தப் பெட்டி உள்ளுக்குள் ஸ்க்ரோல் ஆவதே இல்லை.

மின்மேக்ஸுக்குள் 22 ரெம் என்று மொட்டையாக எழுதாமல், 22 ரெம், 100 சதவீதம் இரண்டில் எது சின்னதோ அது என்று மின் ஃபங்ஷன் போட்டு எழுதுங்கள். பிறகு அந்த ஹிடனை எடுத்துவிடுங்கள். எடுத்தபிறகும் ஆடினால் வேறு ஏதோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பிரவுசரின் டெவ்டூல்ஸில் எல்லா எலிமென்ட்டுக்கும் ஒரு சிவப்பு அவுட்லைன் போட்டால் தெரிந்துவிடும்.

தேனிக்காரன்

ஆடுவது நின்றது, மெனுவும் ஒட்டிக்கொண்டது. அந்த 9999ஐயும் எடுத்துவிட்டேன்.

பழைய_டேபிள்

அந்த மீதி 5 என்ன தம்பி?