தொப்பை வந்தா தாம்பத்தியம் போச்சா?

தோபாயோ_தம்பி:
சிங்கப்பூர்ல எங்க ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடிச்சவங்க) வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் போட்டான்: "தொப்பை வந்தா தாம்பத்தியம் போச்சு." எல்லாரும் சிரிப்பு இமோஜி. எனக்கு 34 வயசு, ஓஆர்டி ஆனப்ப, அதாவது முழுநேர தேசிய சேவை முடிச்சப்ப இருந்ததைவிட நல்லாவே ஏறிட்டேன். என்னால சிரிக்க முடியல. இதுல உண்மை எவ்வளவு? கிண்டல் பண்றவங்க வர வேணாம், அதுக்குத்தான் அந்த குரூப் இருக்கு.

ஜூரோங்_ஓட்டக்காரன்:
உண்மைதான் தம்பி, பூசி மெழுக ஒண்ணுமில்ல. வயித்துக் கொழுப்பு சும்மா கிடக்கறதில்ல. அதுல இருக்கற அரோமட்டேஸ்ங்கற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனா மாத்துது. இன்சுலின் வேலை மந்தமாகுது, ரத்தக்குழாயோட உள்சுவர் கெடுது. விறைப்புங்கறதே ரத்த ஓட்டம்தானே? அங்க போற குழாய் இதயத்துக்குப் போறதைவிடச் சின்னது, அதனால கோளாறு முதல்ல அங்கதான் தலைகாட்டும். நெஞ்சுவலிக்கு முன்னால வர்ற எச்சரிக்கையா டாக்டருங்க இதை எடுத்துக்கறது அதனாலதான். ஆசிய ஆம்பளைக்கு இடுப்பு 90 செ.மீ. எல்லை. அளந்து பாரு. கோப்பிக்கடையில பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் சொல்லு, 2.4 கி.மீ. ஓடு. அவ்வளவுதான்.

ஈசூன்_ஆந்தை:
"அவ்வளவுதான்"னு முடிச்சிட்டீங்களே அண்ணே! நான் சின்ன வயசுலேர்ந்தே குண்டு. சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் நார்மல். ஆனா கல்யாணமான புதுசுல விளக்கை அணைச்சாத்தான் சட்டையைக் கழட்டுவேன். படுக்கையிலயும் வயித்தை எக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவனுக்கு ஆசை எங்கேர்ந்து வரும்? பயந்தா அட்ரினலின் ஏறும், குழாய் சுருங்கும். இதுவும் உடம்புதான், ஆனா ஆரம்பிச்சது தொப்பை இல்ல, வெக்கம்.

1992லேர்ந்து 2007 வரைக்கும் பள்ளிக்கூடங்கள்ல டாஃப் திட்டம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? எடை கூடின பிள்ளைங்களைத் தனியாப் பிரிச்சு உடற்பயிற்சி செய்ய வெக்கறது. அந்தப் பிள்ளைங்கதான் இப்போ 30, 40 வயசு ஆம்பளைங்க.

ஜூரோங்_ஓட்டக்காரன்:
மனசு இல்லன்னு நான் சொல்லல. ஆனா கணக்கைப் பாரு. 2004ல வெளிவந்த இத்தாலி ஆய்வு: விறைப்புப் பிரச்சினை இருந்த 110 பருத்த ஆம்பளைங்க, 35லேர்ந்து 55 வயசு, சர்க்கரை கிடையாது. பாதிப் பேருக்கு எடை குறைக்க முறையா வழிகாட்டினாங்க, மீதிப் பேருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு முதல் 55 பேர்ல 17 பேருக்குச் சரியாச்சு. அந்தப் பக்கம் 3 பேருக்குத்தான். இதுக்கு என்ன சொல்ற?

ஈசூன்_ஆந்தை:
மிச்சம் 38 பேர் எங்க போனாங்கன்னு கேக்கறேன்! அவங்களுக்கும் அதே வழிகாட்டல்தானே? இன்னொண்ணு, ஜிம்ல ஸ்டீராய்டு ஊசி போட்டு சிக்ஸ்பேக் காட்டறவங்க இருக்காங்க. வெளியேர்ந்து ஹார்மோன் வந்தா உடம்பு தானே சுரக்கறதை நிறுத்திடும், விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். கண்ணாடியில நல்லாத் தெரியுதுன்னா உள்ளயும் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

மூத்தவன்_62:
முருங்கைக்காய் சாப்பிடுங்கள். இதெல்லாம் பொதுவில் பேசுகிற விஷயமா?

பார்மசி_அக்கா:
முருங்கைக்காய் சாம்பாருக்கு நல்லது ஐயா. பொதுவுல பேசாததாலதான் தம்பிங்க கண்ட கண்ட இடத்துல மாத்திரை வாங்கறாங்க. 2008ல முதல் அஞ்சு மாசத்துக்குள்ள, சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை பயங்கரமா இறங்கி இங்க ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. நாலு பேர் செத்துட்டாங்க. விசாரிச்சா, சட்டவிரோதமா வித்த "வீரிய" மாத்திரையில கிளிபென்கிளமைடு, அதாவது சர்க்கரை நோய் மருந்து கலந்திருக்கு. தொப்பையும் கொல்லல, வெக்கமும் நேரா கொல்லல. ஆனா டாக்டரைப் பாக்க விடாமத் தெருவோரத்துக்கு அனுப்பினது எதுன்னு யோசிங்க.

தம்பி, காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா? இருந்தா குழாய் ஓரளவு சரி, மனசுப் பக்கம் பாக்கலாம். இல்லன்னா சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, குறட்டை, சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் பாக்கணும். அடிவயித்துக் கொழுப்பு மூடறதால ஆணுறுப்பு சின்னதாத் தெரியும், அது தோற்றம்தான், அளவு குறையறதில்ல. சில்டெனாஃபில்ங்கற விறைப்பு மாத்திரை டாக்டர் சீட்டோட மட்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கறவங்க தொடவே கூடாது.

தோபாயோ_தம்பி:
நன்றி அக்கா. ஆனா எங்க டாக்டர் அப்பாவுக்கும் பாக்கறவரு. கவுண்டர்ல இருக்கறது பக்கத்து புளோக் ஆன்ட்டி. எப்படி ஆரம்பிக்கறது?

பார்மசி_அக்கா:
கவுண்டர்ல "எடை கூடிருச்சு, பிளட் டெஸ்ட் எடுக்கணும்"னு சொல்லுங்க, அது பொய்யில்ல. மிச்சத்தை உள்ள போய்க் கதவைச் சாத்தினப்புறம். டாக்டர் உங்க அப்பாகிட்டகூடச் சொல்லக் கூடாது. அப்பவும் கூச்சமா இருந்தா பாலிகிளினிக், அதாவது அரசாங்க மருந்தகம் போங்க. முடிஞ்சா வீட்டம்மாகிட்ட முதல்ல சொல்லுங்க, அவங்க வேற ஏதோ காரணம்னு நினைச்சுக்கிட்டு இருக்கலாம்.

ஜூரோங்_ஓட்டக்காரன்:
பாலிகிளினிக்குக்கு நடந்தே போ தம்பி, பஸ் வேணாம்.

ஈசூன்_ஆந்தை:
ஆரம்பிச்சுட்டாருய்யா!