பண்டாரவளையிலிருந்து பாறைக் கடற்கரைக்கு: கோணேசர் மலையா, ஹும்மானயவா?

கேள்வி (பண்டாரவளை):
வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் வேனில் இரண்டு நாள் பயணம் செல்ல எண்ணியிருக்கிறோம். மலையையும் தேயிலையையும் பார்த்தே வளர்ந்த என் பிள்ளைகள், கடலோரம் என்றால் மணல்தான் என்று நினைத்திருக்கிறார்கள். பாறையில் அலை மோதிச் சிதறுவதை அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். திருகோணமலையிலுள்ள கோணேசர் மலைக்குப் போவதா, தென்கரையில் திக்வெல்லைக்கு அருகிலுள்ள ஹும்மானயவுக்குப் போவதா? முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார்.

பதில் (அப்புத்தளை):
ஐயா, ஆகஸ்டில் என்றால் தெற்கே செல்லுங்கள். தென்மேல் பருவக்காற்றினால் தென்கடல் கொந்தளிக்கும் அக்காலத்தில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஹும்மானயவில் அலை பாறைக்கு அடியிலுள்ள குகைக்குள் புகுந்து, மேலே உள்ள ஒடுங்கிய பிளவின் வழியே பெரும் ஓசையோடு பீறிட்டு எழுவதால், கடல் எவ்வளவு கொந்தளிக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் எழும்பும். எல்ல, வெல்லவாய, தனமல்வில, அம்பாந்தோட்டை, தங்காலை வழியாகப் போகலாம். எல்லயிலிருந்து வெல்லவாய வரையான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், குறைந்த கியரிலேயே இறங்குங்கள். சென்ற முறை வேலியைத் தாண்டி ஈரப்பாறையில் கால் வைத்த என் தம்பி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஆகையால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பதில் (ஹட்டன்):
அலைக்குத் தெற்கு என்பதை ஏற்கிறேன். ஆனால் கோணேசர் மலையின் சிறப்பு அலை அன்று, உயரம். கடலிலிருந்து நூறு மீற்றருக்கும் மேலே செங்குத்தாக நிற்கும் அப்பாறையின் விளிம்பில், இராவணன் வெட்டு என்னும் பிளவின் அருகே நின்று கீழே பார்த்தபோது என் கால்கள் தாமாகவே பின்வாங்கின. சம்பந்தர் பாடிய அத்தலத்தின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்தனர். அதன் சிதைவுகள் 1956 இல் கடலடியில் கண்டறியப்பட்டன. இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட அவசரமற்ற மூன்று நாட்களாவது வேண்டும்.

பதில் (வெலிமடை):
அம்மாவை நினைத்துச் சொல்கிறேன். ஹும்மானயவுக்குச் சிறிது தூரம் நடந்து படியும் ஏற வேண்டும். ஆகவே மாத்தறைப் பக்கமாக இன்னும் சற்றுப் போய், தெய்வேந்திரமுனையையும் பாருங்கள். இலங்கையின் தென்கோடியான அங்கே, 1890 முதல் ஒளிரும் 49 மீற்றர் உயர வெளிச்சவீட்டின் அடியில் உட்கார்ந்தபடியே, பாறைகளில் அலை உடைவதை அம்மா பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இம்முறை தெற்கே செல்கிறோம். தெய்வேந்திரமுனையில் ஒரு மாலையை முழுவதுமாக அம்மாவுக்கென ஒதுக்கிவிட்டேன்.