அரிட்டாபட்டி மலைக்குப் போனவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மொட்டைப்பாறை:
போன மார்கழியில மதுரைப் பக்கம் மேலூர்ல இருந்து பைக்ல போனோம். மலைன்னு நாமதான் சொல்லிக்கிறோம், கொடைக்கானல்காரங்க பார்த்தா சிரிப்பாங்க. ஏழு பாறைக்குன்று, அவ்வளவுதான். அதுல ஒண்ணு கழிஞ்சமலை.

அடிவாரத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பெரியவர், "தம்பி, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க, பாசி வழுக்கும்"னார். வெயில்ல காயுற பாறையில ஏது பாசின்னு நினைச்சேன். பாதி ஏறினதும் புரிஞ்சது. சரிவு முழுக்கக் கறுப்புக் கறுப்பாக் கோடு, மழைத்தண்ணி இறங்கின தடம். விரலை வச்சா இன்னும் ஈரம். அந்தக் கோட்டோடயே கண்ணை இறக்கினா சுனை, அதுக்குக் கீழ கண்மாய், அதுக்கும் கீழ நெல்லு. பாறை தண்ணியைக் குடிக்காது, வழிச்சுக் கீழ விட்டுரும். இந்த வட்டாரத்துல 72 ஏரி கண்மாய், 200 ஊற்றுன்னு அரசாங்கக் கணக்கே இருக்கு. ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்துது.

இறங்கி வந்தா என் செருப்பு வார்ல பாதியை ஆடு தின்னுருச்சு. பெரியவர் வேற பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறார்.

வல்லூறு ரசிகை:
செருப்புக்கு அனுதாபங்கள் 😀 நான் போனது பறவை பார்க்க. 250 வகை பதிவாகியிருக்கு, ஆனா எனக்கு வேண்டியது லகர் வல்லூறு ஒண்ணுதான். ரெண்டு மணி நேரம் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். கிளம்புறப்ப மாடப்புறாக் கூட்டம் படபடன்னு சிதறிச்சு, நிமிர்ந்தா பாறை விளிம்புல உட்கார்ந்திருக்கு! கேமராவைப் பையில வச்சு ஜிப்பும் போட்டாச்சு.

ஏட்டுச்சுவடி:
சமணர் படுக்கைக் குகையை விட்டுட்டீங்களே. மேல தமிழி எழுத்துல (தமிழ் பிராமின்னும் சொல்வாங்க), இந்தக் குகையைக் கொடுத்தது நெல்வேலிச் செழியன் அதினன் வெளியன்னு வெட்டியிருக்கு. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி. அண்ணாந்து ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சேன், "வெளியன்" வந்ததும் சத்தமாச் சொல்லிட்டேன். பக்கத்துல செல்ஃபி எடுத்துட்டிருந்தவங்க பயந்துட்டாங்க.

ஊர்ப்பக்கம்:
எங்க அம்மாச்சி ஊரு பக்கந்தான். 2022 நவம்பர்ல 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுலயே முதல் தலம். ரெண்டே வருஷத்துல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட 2,015 ஹெக்டேருக்குள்ள அதுவும் சேர்ந்துருச்சு. சுத்துப்பட்டு ஊரெல்லாம் தெருவுக்கு வந்தப்புறம் 2025 ஜனவரியில ரத்து. அந்த ரெண்டு மாசமும் அம்மாச்சி போன்ல கேட்டது ஒரே கேள்விதான்: "மலையை நோண்டிப்புட்டா கண்மாய்க்குத் தண்ணி எங்கிட்டிருந்துடா வரும்?"

மொட்டைப்பாறை:
அடுத்து ஐப்பசி மழை விட்டதும் போறேன், சுனை நிறைஞ்சிருக்கும். வர்றவங்க சொல்லுங்க. இந்தத் தடவை செருப்பு பைக் பெட்டிக்குள்ள.